ஐந்து போத்தல் எலும்பு

கிருமி வளர்ப்பதுதான் என் வேலை என்று சொன்னால், கல்யாண வீட்டில் பக்கத்தில் இருப்பவர் தன் கதிரையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொள்வார்.

பதினாறு வருஷமாக இந்த வேலைதான். கொழும்பு வெள்ளவத்தையில் வீடு. அங்கே ஓடும் காலி வீதியிலேயே இரண்டு பஸ் தரிப்பு தள்ளி ஒரு தனியார் லாப். முன்பக்கம் இரத்தம் எடுப்பார்கள், ரிப்போர்ட் கொடுப்பார்கள். கடைசி அறையில் நான், ஒரு மேசை, உடம்புச் சூட்டிலேயே எப்போதும் இருக்கும் ஒரு பெட்டி. சளி வரும், சிறுநீர் வரும், எல்லாம் வரும். ஆனால் என் நினைவில் தங்கிப்போனவை எலும்புகள்தான். கை கால் முறிந்து, ஒப்பரேஷன் செய்து, உள்ளே பிளேட்டோ கம்பியோ வைத்துத் தைத்த பிறகு, அந்த இடத்தில் கிருமி புகுந்தவர்களின் எலும்புத் துணுக்குகள். கிருமி உலோகத்தில் ஒட்டிக்கொண்டால் தன்மேல் வழுவழுப்பாக ஒரு போர்வையைப் போர்த்துக்கொள்ளும். அதற்குள் மருந்து லேசில் போகாது. உள்ளே இருப்பது எந்தக் கிருமி, எந்த மருந்துக்கு அடங்கும் என்று கண்டுபிடிக்க, சர்ஜன் எலும்பின் ஐந்து இடத்தில் கிள்ளி ஐந்து போத்தலில் போட்டு அனுப்புவார். நான் அவற்றைத் தட்டுகளில் பரப்பிப் பெட்டிக்குள் வைத்துக் காத்திருப்பேன்.

முறிவு ஆறவேண்டிய நேரத்தில் தையல் ஈரமாகிப் பயந்தவர்கள், நம்பர் துண்டைக் கைக்குள் சுருட்டிக்கொண்டு ரிப்போர்ட்டுக்காக இருந்தவர்கள் உங்களிலும் இருப்பார்கள். நீங்கள் வெளியே இருந்தபோது உள்ளே இருந்தவள் சொல்லும் கதைகள் இவை. பெயர்களை மட்டும் மாற்றியிருக்கிறேன்.

ஆர் என்ற எழுத்து

சிவநேசன் கோர்ட் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கிளார்க்காக இருப்பவர். கணுக்கால் முறிந்து ஸ்க்ரூ போட்ட இடம் வீங்கிச் சிவந்து, சர்ஜன் மாதிரி எடுத்து எங்களுக்கு அனுப்பியிருந்தார். எங்கள் ரிப்போர்ட்டில் மருந்துகளின் பெயர் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே எஸ் அல்லது ஆர் என்று ஒரு இங்கிலிஷ் எழுத்து. எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும். ஆர் என்றால் அசையாது.

கிளினிக்குக்கு இன்னும் ஐந்து நாள் இருக்க, மனிதர் ரிப்போர்ட்டை வாங்கித் தானே படித்திருக்கிறார். ஆர் போட்டிருந்த ஒரு மருந்து, முன்பு யாரோ டொக்டர் எழுதிக் கொடுத்த பழைய துண்டிலும் இருந்ததாம். அந்தத் துண்டைக் காட்டி வாங்கி நாலு நாளாக வேளை தவறாமல் விழுங்கியிருக்கிறார். வீக்கம் வற்றவில்லை என்றதும் ரிப்போர்ட் பிழையோ என்று கேட்க வந்தார். "ஆர் எண்டால் ரைட் தானே மிஸ்?" என்றார்.

நான் விளங்கப்படுத்தினேன். உடனே சர்ஜனிடம் போகச் சொன்னேன். அவர் ரிப்போர்ட்டை மடித்தார், விரித்தார், திரும்ப மடித்தார். எழும்பும்போது சொன்னார்: "எங்கட ஃபைல்ல ஆர் எண்டு கிடந்தால் ரிமாண்ட், மிஸ். உள்ளுக்க கிடக்கிறவனை நம்பி நாலு நாள் வழக்குப் பேசியிருக்கிறன்."

வாசலில் நின்றவன்

ராஜேஸ்வரி அக்கா எங்கள் பக்கத்து ஒழுங்கையில் இருப்பவர். கணவருக்கு முழங்காலுக்குக் கீழே பிளேட். தையல் ஆறிய இடத்தில் குண்டூசித் தலை அளவில் ஒரு துவாரம், அதில் தினமும் இரண்டு சொட்டுச் சிதள், மெல்லிய சீழ். அக்காவின் மருமகன் ஒரு கிளினிக்கில் சொல்லி, பஞ்சு சுற்றிய குச்சியால் மேலே துடைத்து எடுத்து எங்களுக்கு அனுப்புவார். மூன்று மாதத்தில் நான்கு தரம் வந்தது. நான்கு தரமும் நான்கு வேறு கிருமி. ஒவ்வொரு தரமும் ஒரு புது மருந்து. துவாரம் மட்டும் அதேபடி.

நான்காவது ரிப்போர்ட்டை எடுக்க வந்தபோது அக்காவை உள்ளே கூப்பிட்டேன். தோலில் எத்தனையோ கிருமி வரும் போகும், குச்சியில் ஒட்டுவது அதுதான் என்றேன். பிளேட்டில் குடியிருப்பதைப் பிடிக்க வேண்டுமானால் சர்ஜன் திறந்து எலும்பில் எடுத்து அனுப்ப வேண்டும். இதை முதல் குச்சி வந்தபோதே நான் சொல்லியிருக்கலாம். மாதிரி வந்தால் பார்ப்பது என் வேலை, ஏன் வந்தது என்று கேட்பது என் வேலை இல்லை என்று அந்த நாட்களில் ஒரு நினைப்பு எனக்கு இருந்தது.

அக்கா என்னைக் குறை சொல்லவில்லை. கைப்பையின் சிப்பை இழுத்து மூடிக்கொண்டு சொன்னார்: "அப்ப மூண்டு மாசமா படலையில நிண்டவனுக்குத்தான் நாங்கள் மருந்து குடுத்திருக்கிறம்."

முளைத்துவிட்டதா?

ஒரு அம்மா தினமும் காலை ஒன்பதரைக்குப் போன் எடுப்பார். மகனுக்குத் தொடை எலும்பில் கம்பி. அதில் தொற்று என்று சந்தேகப்பட்டுத் திறந்து, எலும்பு எடுத்து அனுப்பியிருந்தார்கள். வணக்கம் சொல்வதில்லை, பெயர் சொல்வதில்லை. "பிள்ளை, முளைச்சிட்டுதோ?" என்பார், பயறு ஊறப்போட்டவர் மாதிரி. இல்லை அம்மா என்றால் ஒரு பெருமூச்சு. ஐந்து நாள் இப்படிப் போனது. ஆறாம் நாள் மூன்று போத்தலில் ஒரே கிருமி. நானே போன் எடுத்துச் சொன்னேன். அழுவாரோ என்று பயந்து, "அம்மா, கிருமி எதெண்டு தெரிஞ்சால் சரியான மருந்து குடுக்கலாம், இது நல்லதுக்குத்தான்" என்றேன்.

"அது எனக்கும் விளங்குது. முளைக்கோணும் எண்டு கோயில்ல நேந்தும் வச்சனான். ஆனா என்ர பிள்ளையின்ர காலுக்குள்ள கிருமி இருக்கெண்டு போய்த் தேங்காய் உடைக்கச் சொல்லுறியளோ?"

கண் எரிந்தது

ஒரு நாள் காலை பதினொரு மணிபோல ஐந்து போத்தல்கள் மோட்டார் சைக்கிளில் வந்தன. எடுத்து இருபது நிமிஷம்கூட ஆகவில்லை என்று கொண்டுவந்தவர் பெருமையாகச் சொன்னார். முதல் மூடியைத் திறந்ததுமே எனக்குக் கண் எரிந்தது. ஃபோமலின். சதையைக் கெடாமல் வைத்துப் பார்க்க வேறொரு பிரிவுக்கு அனுப்பும்போது ஊற்றும் மருந்து அது. அதில் விழுந்தால் ஒரு கிருமியும் மிஞ்சாது. ஐந்து போத்தலிலும் அதுதான். நோயாளியின் பெயரும் வயதும் மட்டும் தெரியும். வயது முப்பத்தொன்று என்று லேபிளில் இருந்தது. ஒரு மனிதரை மயக்கி, அறுத்து, எலும்பைக் கிள்ளி எடுத்தது அத்தனையும் வீண்.

'மாதிரி தகுதியற்றது' என்று ஒரு வரி எழுதி அனுப்பினால் என் கடமை முடிந்தது. ஆனால் இருபது நிமிஷம் என்று அவர் சொன்னது மண்டைக்குள் நின்றது. ஓடிப்போய் அந்த ஆஸ்பத்திரியின் தியேட்டருக்குப் போன் எடுத்தேன். ஒரு சிங்கள நர்ஸ் பேசினா. அவசரத்தில் எனக்குச் சிங்கள இலக்கணம் எல்லாம் பறந்துவிட்டது. போத்தல், ஃபோமலின், எலும்பு என்று மூன்று சொல்லைத்தான் மாறி மாறிச் சொல்லியிருப்பேன். அவ ரிசீவரைக் கீழே வைத்துவிட்டுப் போனா. ஏதோ உறிஞ்சும் இயந்திரத்தின் சத்தம் கேட்டது. ஒரு ஆண் குரல் என்னவோ கேட்டது. தட்டில் உலோகம் விழுந்த சத்தம். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நான் நின்றேன்.

திரும்பி வந்தபோது அவ சொன்னது, இன்னும் தைக்கவில்லை, வேறு ஐந்து அனுப்புகிறேன் என்பதுதான். சிங்களத்தில் அதைவிட இனிமையாக எனக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை: "தாம மெஹுவே நே, மிஸ். தவ பஹக் எவன்னங்."

இரண்டு குளிசை

யோகராஜ் ஹட்டன் பக்கத்துப் பிள்ளை. கொட்டாஞ்சேனையில் ஒரு ஹார்ட்வெயார் கடையில் வேலை. மோட்டார் சைக்கிள் அடித்துத் தொடை முறிந்து கம்பி வைத்தார்கள். அதில் தொற்று. மறுபடி திறந்து பார்ப்பதற்கு முன் இரண்டு வாரம் கிருமிக்கொல்லி மருந்து எதுவும் எடுக்கக்கூடாது என்று சர்ஜன் சொல்லியிருந்தார். மருந்து உடம்பில் இருந்தால் கிருமி பதுங்கிக்கொள்ளும், எங்கள் தட்டில் ஒன்றும் முளைக்காது.

ஒப்பரேஷனுக்கு முதல் நாள் இரத்தம் கொடுக்க வந்தவர், கிருமி பார்க்கிற மிஸ் யார் என்று விசாரித்துக்கொண்டு ஊன்றுகோலோடு என் அறை வாசலுக்கு வந்துவிட்டார். "கோவிச்சுக்கக் கூடாது மிஸ். பத்தாவது நாளு உடம்பு சுட்ட மாதிரி இருந்திச்சு. பயந்துபோயி மிச்சம் கெடந்த கிருமி மருந்துல ரெண்டு குளிச போட்டுட்டேன். டொக்டருக்குத் தெரிஞ்சா ஏசுவாரு. பரவாயில்லதானே?" பரவாயில்லை என்று நான் சொல்வேன் என்று அவர் முகம் முழுக்க எதிர்பார்ப்பு. பரவாயில்லாமலும் இருக்கலாம். ஆனால் அது தெரிய வேண்டியவர் சர்ஜன். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்தே போன் பண்ணினோம். ஒப்பரேஷன் இரண்டு வாரம் தள்ளிப் போனது. யோகராஜ் ஊன்றுகோலைத் தேடி எடுத்துக்கொண்டு, "பொய் சொல்லியிருந்தா நாளைக்கே முடிஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்தபடி போனார். அன்றைக்கு முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. காய்ச்சல் கூடி ஏதும் ஆகிவிட்டால் என்ன செய்வது என்று ஒரே யோசனை.

ஒன்றும் ஆகவில்லை. இரண்டு வாரம் கழித்து வந்த ஐந்து போத்தலிலும் ஒரே கிருமி முளைத்தது. அடங்கும் மருந்தும் இருந்தது. ரிப்போர்ட் எடுக்க அவருடைய மனைவி வந்தார். இந்தத் தடவை எப்படிச் சமாளித்தார் என்று கேட்டேன். "குளிச டப்பாவ நான் வேலைக்குப் போறப்ப பேக்ல போட்டுக்கிட்டுப் போயிட்டேன் மிஸ். அவர நம்பலாம். அவரு பயத்த நம்ப முடியாது."

ஏழாம் நாள்

இதைச் சொல்லாமல் விட்டால் மேலே சொன்னதெல்லாம் பெருமையடிப்பாகப் போய்விடும்.

பரமேஸ்வரி டீச்சர் கணிதம் படிப்பிப்பவர். பஸ்ஸால் இறங்கும்போது விழுந்து வலது முழங்கை உடைந்து பிளேட் வைத்தார்கள். சில மாதத்தில் தொற்றுச் சந்தேகம் வந்து ஐந்து போத்தல் எங்களுக்கு வந்தது. எலும்பு மாதிரியைப் பதினாலு நாள் வைத்துப் பார்ப்பது எங்கள் லாப்பில் விதி. உலோகத்தில் ஒட்டும் சில கிருமிகள் மெல்லத்தான் தலைகாட்டும். ஆறாம் நாள் ஒரே ஒரு போத்தலின் தட்டில் வெள்ளையாக இரண்டு பொட்டு. எல்லாருடைய தோலிலும் இருக்கும் சாதாரணக் கிருமி. ஐந்தில் ஒன்று என்றால், எடுக்கும்போது கையிலிருந்து கலந்ததாக இருக்கும் என்று எழுதினேன். அது பிழை இல்லை. பிழை அடுத்த நாள் செய்தேன். வெசாக் லீவு வரப்போகிறது, பெட்டிக்குள் இடமில்லை, புது மாதிரிகள் மேசையில் காத்திருக்கின்றன. ஏழாம் நாளே டீச்சரின் தட்டுகளை எடுத்துக் கழிவில் போட்டேன். குறிப்பிடத்தக்க வளர்ச்சி இல்லை என்று ரிப்போர்ட் போனது. ரிப்போர்ட்டைச் சரிபார்க்கும் எங்கள் லாப் டொக்டர் என்னை நம்பிக் கையெழுத்து வைத்தா. தொற்று இல்லை என்று டீச்சருக்கு மருந்தை நிறுத்தினார்கள்.

ஐந்து மாதம் கழித்து அதே பெயரில் மறுபடி ஐந்து போத்தல். எலும்பு சேரவில்லை, ஸ்க்ரூ தளர்ந்துவிட்டது என்று படிவத்தில் எழுதியிருந்தது. இந்தத் தடவை பதினாலு நாளும் வைத்தேன். ஒன்பதாம் நாளுக்குள் நாலு போத்தலில் அந்த வெள்ளைப் பொட்டு. பழைய மேசைக் கொப்பியைத் தேடி எடுத்தேன். 'ஏழாம் நாள், அகற்றப்பட்டது.' என் கையெழுத்துத்தான், நல்ல உறுப்பாக இருந்தது.

எங்கள் டொக்டரிடம் கொப்பியைக் கொண்டுபோய் வைத்தேன். அவ இரண்டு தரம் வாசித்தா. சர்ஜனுக்குத் தான் எழுதுவதாகச் சொன்னா. "டீச்சருக்கு யார் சொல்றது?" என்று கேட்டா. அவவே சொல்லியிருப்பா, சந்தேகமில்லை. நான் போகிறேன் என்றேன். லாப் மனேஜருக்கு இது துண்டாகப் பிடிக்கவில்லை. அவருக்குத் தெரிந்த பல காரணங்களைச் சொன்னார். கடைசியில் டொக்டர்தான் அவரைச் சமாளித்தா.

டீச்சரின் வீடு மூன்றாம் மாடியில். டீச்சர் மேசையில் இருந்து இடது கையால் கொப்பி திருத்திக்கொண்டிருந்தார். வலது கை கழுத்தில் கட்டிய தூக்கில். அவருடைய கணவர் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, எழும்பிப் பல்கனிக்குப் போய்விட்டார். நான் தட்டு, நாள், லீவு எல்லாம் சொல்லி முடித்தேன். பெட்டியில் இடம் இல்லாமல் இருந்ததைச் சொல்லும்போதே அது எவ்வளவு சின்னக் காரணம் என்று எனக்குக் கேட்டது. டீச்சர் ஒன்றே ஒன்று கேட்டார்: "பதினாலு நாளும் வச்சிருந்தால் வந்திருக்குமோ?" தெரியாது டீச்சர், வந்திருக்கலாம் என்றேன். அவர் பேனையை மூடி வைத்தார்.

கதையின் மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். பிளேட்டை மாற்றி, மூன்று மாதம் சரியான மருந்து கொடுத்து, அந்த எலும்பு சேர்ந்தது. கை முழுதாக நீளாது. கரும்பலகையின் மேல் பாதியில் இப்போது பிள்ளைகளைத்தான் எழுதவிடுகிறாராம். அன்றைக்கு அதெல்லாம் யாருக்கும் தெரியாது. நான் எழும்பி நின்றபோது டீச்சர் கோபமும் இல்லாமல் இரக்கமும் இல்லாமல், விடைத்தாள் கொடுக்கிற குரலில் சொன்னார்: "செய்த வழியை மறைக்காமல் காட்டினதுக்கு மார்க்ஸ் இருக்கு, பிள்ளை. விடை பிழை. பத்துக்கு நாலு."

பச்சை

எஸ். மரியநாயகம், கொட்டாஞ்சேனை. மூன்று வருஷத்தில் ஆறு தரம் இந்த லேபிளை என் கையால் ஒட்டியிருக்கிறேன். துறைமுகத்தில் வேலை செய்த ஆள், இரும்பு விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு வெளியே தெரிய உடைந்தது என்று படிவங்களில் வாசித்திருக்கிறேன். ஆளைக் கண்டதில்லை. அவருடைய கிருமியைத்தான் கண்டிருக்கிறேன். தட்டை நல்ல பச்சையாக்கும் ஜாதி அது. மூடியைத் திறந்தால் பழுத்த திராட்சை வாசம் வரும். ஒவ்வொரு தடவையும் ஒரு மருந்தாவது பட்டியலில் எஸ்ஸிலிருந்து ஆருக்கு மாறியிருக்கும்.

ஒரு நாள் முன் கவுண்டரில் இருக்கும் டில்ருக்ஷி வந்து, ஒருவர் தன் கிருமியைப் பார்க்க வேண்டுமென்று நிற்கிறார் என்றா. அப்படி ஒரு வழக்கம் இல்லை. பெயரைச் சொன்னதும் நான் தட்டை மூடி ஒட்டி, என் அறைக் கதவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வைத்துத் தூக்கிக் காட்டினேன். ஐம்பது வயதிருக்கும். கன்னம் ஒட்டிப்போன, நன்றாகச் சவரம் செய்த முகம். குனிந்து நெடுநேரம் பார்த்தார். "மூணு வருசமா சண்ட புடிச்சவன் மூஞ்சிய இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றார். பிறகு விஷயத்துக்கு வந்தார். சர்ஜன் இரண்டு வழி சொல்லியிருக்கிறார். கெட்ட எலும்பை வெட்டி எடுத்து, காலைச் சுற்றி வளையம் மாட்டி, ஒன்றரை வருஷம் பார்க்கலாம். இல்லாவிட்டால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம். "நீங்கன்னா என்ன மிஸ் செய்வீங்க?"

எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் சொன்னேன். பட்டியலில் இன்னும் எத்தனை மருந்து மிச்சம் என்று கேட்டார். ஒன்று, அதுவும் சிறுநீரகத்துக்குக் கடினமானது என்றேன். அவர் தலையாட்டினார். பச்சைத் தட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டு, ஊன்றுகோல்களை அக்குளில் கொடுத்துக்கொண்டு போனார். அதற்குப் பிறகு அந்தப் பெயரில் போத்தல் வரவில்லை. வராதது நல்லதா கெட்டதா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பத்து மாதம் இருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வெளியே வரும்போது கவுண்டரில் ஒருவர் நீளக் காற்சட்டையும் மினுக்கிய சப்பாத்து இரண்டுமாக, கையில் ஊன்றுகோல் இல்லாமல் நின்றார். முகத்தில் சதை பிடித்திருந்தது. யாரென்று எனக்குப் பிடிபடவில்லை. அவர்தான் என்னைக் கண்டு சிரித்தார். மரியநாயகம். காற்சட்டையின் இடது காலைத் தட்டிக் காட்டினார். டொக் டொக் என்று பொய்க்கால் கேட்டது. இரண்டு மாடி படியேறுகிறாராம், மகளின் கல்யாணத்தில் முன்னுக்கு நடந்தாராம். எதற்கு வந்தீர்கள் என்று கேட்டேன்.

"சீனி டெஸ்டுக்கு மட்டும்தான் மிஸ். எலும்பு ஒண்ணும் கொண்டாரல்ல."

மொத்தத்தில், கிருமியை வளர்ப்பதற்கு எங்கள் லாப்பில் நல்ல நல்ல இயந்திரங்கள் வந்துவிட்டன, வளர்ந்ததை முகத்துக்கு நேரே சொல்வதற்குத்தான் இன்னும் ஒன்றும் வாங்கித் தருகிறார்கள் இல்லை.